செய்தவர் தெரியவில்லை

நம் பள்ளிக் குழுவில் காலையில் பூப்படமும் மதியம் மூட்டுவலிக் கஷாயமும் சாயங்காலம் பேரப்பிள்ளை டான்ஸும் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் இவள் என்ன இவ்வளவு நீளத்துக்கு எழுதி அனுப்புகிறாள் என்று வையாதீர்கள். பொறுமை இல்லாதவர்கள் தள்ளிவிட்டுப் போங்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலைக்கு வந்துவிட்டவர்கள் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் யூனிஃபார்ம் காலரில் லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டு வந்ததற்காக டீச்சர் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியது நினைவிருக்கிற நாலு பேராவது இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதே டிசைனில் பின்னிய இன்னொரு துண்டை, போன மாதம் நான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன்.

மகள் என்னைப் பல் டாக்டரிடம் காட்ட மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தாள். டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்துத் தெருவில் பழைய பங்களா ஒன்றில் இரண்டே அறைகள் உள்ள மியூசியம் இருக்கிறது, ஏசி போட்டிருக்கிறார்கள், அங்கே உட்காரலாம் என்றாள். எனக்கு அந்த பங்களா தெரியும். தெரியாத மாதிரி போனேன். இந்த வட்டாரத்து வரலாறாம். உப்பளத்து மண்வெட்டி, குயவர் சக்கரம், தோல் ஊறப்போடும் தொட்டியின் போட்டோ, டிராம் டிக்கெட் நாலைந்து. மூலையில் நீலத் துணி மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை லேஸ். கீழே ஒரு கார்டு. மூக்குக்கண்ணாடி போடாமல் எனக்கு எழுத்து தெரியவில்லை. மகள்தான் வாசித்துத் தமிழில் சொன்னாள்: கையால் பின்னியது. தென் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. இந்தப் பகுதியில் செய்யப்பட்டதல்ல. செய்தவர் தெரியவில்லை. தகவல் தந்தது, வீட்டில் இருந்த சிறுமி.

"பாவம், யாரோ" என்று சொல்லிவிட்டு அவள் டிராம் டிக்கெட் பக்கம் போய்விட்டாள். அந்தச் சிறுமி நான்தான். அந்த கார்டில் உள்ளது பொய். செய்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. செய்தது தாராவியில், எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், அம்மாவின் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து.

சித்தி அந்த ஜூன் மாதம் வந்தாள், பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஊரில் படுக்கையாய்க் கிடந்த தாயைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அவளுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காமல் வைத்திருந்தார்கள். தாய் போனதும், "ஐயையோ, இவளுக்கு இருபத்தாறு ஆயிட்டே" என்று எல்லாருக்கும் ஒரே நாளில் ஞானம் பிறந்துவிட்டது. மாமா ஒரு மாப்பிள்ளை பார்த்தார். மனைவி செத்தவர், மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குப் பதினாலு வயது. சித்தி அழுது புரண்டு, அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ரயிலேறி வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை; தலையில், ஆமாம் தலையில்தான், வைக்கோல் அடைத்த ஒரு உருண்டைத் தலையணை.

அதுதான் லேஸ் பின்னுகிற தலையணை. சின்ன வயதில் மிஷன் லேஸ் பள்ளியில் கற்றது. துளை போட்ட அட்டையைத் தலையணை மேல் வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவாள். முப்பது நாற்பது குச்சிகள் இருக்கும். எந்தக் குச்சி எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது என்பாள், கைக்குத்தான் தெரியுமாம். டக், டக், டக் என்று அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தோல் கம்பெனி நாற்றமும் ஈரச் சாக்கு நாற்றமும் அடிக்கிற அந்த அறையில், அவள் கையில் மட்டும் எப்போதும் பாண்ட்ஸ் பவுடர் வாசனை இருக்கும். கை வேர்த்தால் நூல் அழுக்காகிவிடும் என்று பவுடர் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். "பவுடர முழுங்கிருவா போல இருக்கு" என்று அம்மா முணுமுணுப்பாள்.

அப்பா தோல் கம்பெனியில் வேலை. கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுகிறவர். சித்தி வந்த நாலாம் நாளே சொல்லிவிட்டார். "ஏதாவது ஒரு வேல கெடச்சா இருக்கட்டும், நான் வேண்டாங்கல. வேல இல்லாம வயசுப்பிள்ளைய இந்த ரூமுக்குள்ள எத்தன நாள் வச்சிக்கிட்டு இருக்க? மழ முடியறதுக்குள்ள ஒரு வழி ஆவலன்னா டிக்கெட் எடுத்துருவேன். ஒங்க அண்ணனுக்கு நான் பதில் சொல்லணும்லா?"

சித்தி திரைக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "அத்தான், பாத்திரம் தேய்க்கிற வேலன்னாலும் போறேன். ரெண்டாந்தாரமா மட்டும் அனுப்பாதீங்க." அவள் அப்பாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வேலை எங்கே இருந்தது? அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அம்மாவுக்கு மீன் மார்க்கெட் வரைக்கும் தெரியும். மீன்காரியோடு சண்டை போட்டு ஜெயிப்பாள், அதைத் தாண்டி ஒருவர் வேகமாக நாலு வாக்கியம் பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள். ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, தபால்காரர், எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். உங்களில் பாதிப் பேர் உங்கள் வீட்டில் அப்படித்தானே இருந்தீர்கள். பதினோரு வயதுப் பிள்ளையின் வாயை நம்பி நம் வீடுகள் எத்தனை காரியம் செய்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஜூலையில் ஒரு நாள் சந்துக்குள் தண்ணீர் வந்தது. முழங்கால் அளவு. அம்மா அரிசிப் பானையை மேலே ஏற்றுகிறாள், நான் புத்தகப் பையைத் தூக்குகிறேன், சித்தி தலையணையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கட்டில் மேல் நிற்கிறாள். "அரிசி நனையுது, சவம், தலகாணியத் தூக்கிட்டு நிக்கா பாரு!" என்று அம்மா கத்த, சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அம்மாவும் சிரித்துவிட்டாள். சித்தி இரண்டு மணி நேரம் அப்படியே நின்றாள். அன்று பாதி பின்னியிருந்த துண்டுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்று நினைக்கிறேன். அதே டிசைனில் முன்பே பின்னியதைத்தான் என் காலரில் தைத்திருந்தாள்.

அந்த காலரால்தான் எல்லாம். நான் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தபோது மியூசியத்திலிருந்து ஒரு மேடம் நம் வகுப்புக்கு வந்தார்களே, நினைவிருக்கிறதா? நரைமுடி, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய வாட்ச். பிள்ளைகளை மியூசியம் பார்க்கக் கூப்பிட வந்தவர், என் கழுத்தையே பார்த்தார். கிட்டே வந்து காலரைத் திருப்பிப் பார்த்து, வீடு எங்கே என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்து, மூலைக் கடை எல்லாம் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் வந்தே விட்டார். கையில் நோட்டு, பேனா.

இங்கே ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். நம் சந்தில் எந்த வீடு சும்மா இருந்தது? ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் பெல்ட்டுக்குத் துளை போடுவது, ஒரு வீட்டில் சோப்புக் காய்ச்சுவது. நோட்டும் பேனாவுமாக யார் நுழைந்தாலும் முனையில் இருக்கிற முறுக்குக்கார அத்தை, "பால் பொங்குது! பால் பொங்குது!" என்று கத்துவாள். அவள் வீட்டில் பாலே வாங்குவதில்லை. அந்தக் குரல் கேட்டதும் சந்து முழுவதும் மாவு, தோல், சோப்பு எல்லாம் சாக்குக்கு அடியில் போய்விடும். வீட்டுக்குள் தொழில் நடத்துகிறார்கள் என்று எழுதிவிட்டால் கரண்ட்டை வெட்டுவார்கள், அப்புறம் வீட்டையே இடிப்பார்கள் என்று பயம். வந்தவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "யஹாங் கோயி குச் நஹீ பனாத்தா. காவ் ஸே ஆயா ஹை." இங்கே யாரும் ஒன்றும் செய்வதில்லை, ஊரிலிருந்து வந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம் நாம்.

அன்று அம்மா குழாயடியில் நின்றாள். பால் பொங்கியது. நானும் சித்தியும் தலையணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினோம். மேடம் குனிந்து உள்ளே வந்து, இந்த லேஸை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். நேற்று கழுத்தைத் தொட்டுப் பார்த்த அதே மேடம்தான். பள்ளிக்கூடத்தில் மேடமாக இருந்தவர், நோட்டோடு சந்துக்குள் வந்ததும் எனக்கு ஆபீசர் ஆகிவிட்டார். நான் வாய்ப்பாட்டைச் சொன்னேன். அவர் இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் சொன்னேன், இன்னும் சத்தமாக. சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று, பின்னி முடித்து வைத்திருந்த ஒரு சாண் லேஸை டப்பாவிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, சிரித்தாள். மேடமும் சிரித்தார். நோட்டில் எழுதினார். போகும்போது ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்து, பின்னத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லு என்றார்.

அவர் சொன்னதைச் சொல்லாமல் காகிதத்தை மட்டும் அம்மாவிடம் கொடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததால் அம்மா அதைக் கார்ப்பரேஷன் நோட்டீஸ் என்றே நினைத்தாள். நோட்டீஸ் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? படிக்க மாட்டோம், பத்திரமாக வைப்போம். பைபிளுக்குள் வைத்துவிட்டாள். பத்து நாள் அது அங்கேயே இருந்தது. ஊரிலிருந்து மாமா கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார், அப்பா டிக்கெட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார், சித்தி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள், காகிதம் பைபிளுக்குள் இருந்தது.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்த நம் டீச்சர்தான், என்னை பெஞ்சு மேல் ஏற்றியவரேதான், அதை வாங்கிப் படித்தார். மியூசியத்தில் லேஸ் பின்னத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் வருகிறவர்கள் பார்க்க உட்கார்ந்து பின்ன வேண்டும், சின்னப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், மாதச் சம்பளம். அம்மா கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கர்த்தாவே, வீடு தேடி வந்திருக்காவ!" என்றாள். உடனே என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அன்னைக்கு அந்தம்மா என்ன கேட்டா? நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் கேக்கலம்மா. பேப்பரத் தந்துட்டுப் போயிட்டாவ."

அம்மாவின் கை எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்குப் பயந்து சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே புறப்பட்டோம். நல்ல மழை. சித்தி அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். தலையணையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி, பிள்ளையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது, "சம்பளம் வந்தா ஒனக்கு ஒரு வாட்ச் வாங்கித் தாரேன், அந்தம்மா கெட்டியிருக்கது மாரி" என்றாள் என்னிடம். அந்த மேடத்திடம் நான் என்ன சொல்லியிருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மேடம் மேசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சித்தியைத் தொட்டுக் காட்டி, "யே பனாத்தா, யே பனாத்தா" என்றாள், இவள்தான் செய்கிறாள் என்று. மேடம் சித்தியைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. விரலை நீட்டி என்னிடம் பேச ஆரம்பித்தார். இரண்டு தடவை கேட்டேனே, யாரும் செய்வதில்லை என்று நீதானே சொன்னாய்? ஏன் பொய் சொன்னாய்? நான் அப்படியே எழுதி வைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் இதைச் சொல். வேறு ஒரு பெண்ணை வரச் சொல்லியிருக்கிறேன், ஆனால் இன்னும் முடிவு செய்யவில்லை. இவளை நாளை பத்து மணிக்கு வரச் சொல். கமிட்டிக்காரர்கள் இருப்பார்கள், உட்கார்ந்து பின்னிக் காட்டட்டும். சொல், அம்மாவிடம் சொல்.

எல்லாம் எனக்குப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. சித்தி குனிந்து சணல் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

நாளைக்கு வரச் சொன்னார் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். முன்பாதியை முழுங்கிவிட்டுப் பின்பாதியைச் சொல்லியிருக்கலாம். இது ஐம்பது வருஷம் கழித்து வருகிற புத்தி. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாளைக்கு வந்தால் மறுபடி இந்த மேடம் இதையே பேசுவார், கமிட்டியில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருப்பார், நான் மாட்டிக்கொள்வேன்.

"ஆள் வச்சாச்சாம், அம்மா" என்றேன்.

அம்மா மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அது கோபமாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் என்னை நம்பினாள். சித்தியின் கை முடிச்சில் அப்படியே நின்றது. பிறகு அவிழ்த்த வரைக்கும் மறுபடி கட்டினாள். மெதுவாக, இறுக்கி, இரண்டு முடிச்சு போட்டாள்.

வாசல் படி இறங்கும்போது மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அரே, ருகோ! கஹாங் ஜா ரஹே ஹோ?" என்று பின்னாலேயே குரல் வந்தது. நில்லுங்கள், எங்கே போகிறீர்கள் என்கிறார்.

"எதுக்குட்டி கூப்பிடுதா?"

"மழை பலமா இருக்கு, நின்னு போங்கன்னுதாவ."

"நல்ல மனுஷி" என்றாள் சித்தி.

அன்றிலிருந்து பதினைந்து நாள் சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். தினமும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். ஒரு சாயங்காலம் வாயைத் திறந்தே விட்டேன், "சித்தி, ஒண்ணு சொல்லணும்" என்று. அப்போது அப்பா நனைந்துகொண்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கட்டில் மேல் காயப் போட்டார். மேடமே வந்து உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வரவில்லை. வந்திருக்கலாமே, வீடு தெரியுமே என்று இப்போது அவர் மேல் கோபம் வருகிறது. பாருங்கள் அநியாயத்தை.

சித்தி போனாள். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டாள். அம்மா சாகும் வரைக்கும், "நாம நோட்டீஸப் படிக்காம வச்சதுல எந்தங்கச்சி வாழ்க்கையே போச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சும்மா இரும்மா" என்பேன். அவளிடம் கடைசி வரை சொல்லவில்லை.

இப்போது உங்களில் ஒருத்தி கேட்பாள், எனக்குத் தெரியும். மியூசியத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, போய்ச் சொல்லி கார்டை மாற்றச் சொல்லலாமே, சித்தி பெயரைப் போடச் சொல்லலாமே என்று. கேட்க நன்றாக இருக்கிறது. நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தவள்.

எனக்குக் கல்யாணமாகி, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊருக்குப் போனேன். சித்தியின் வீட்டில் மூத்தவனுக்கே அப்போது இரண்டு பிள்ளைகள். அவளுக்கென்று ஒன்றும் பிறக்கவில்லை. லேஸ் பின்னுகிறாயா என்று கேட்டேன். தலையணையை எலி கடித்துவிட்டதாம், குச்சிகளைப் பிள்ளைகள் விளையாடித் தொலைத்துவிட்டார்களாம். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "நமக்கு இதுதான்னு எழுதியிருந்தது. பம்பாயில ஒரு வாசல் தொறந்திருந்தா வேற மாரி இருந்திருக்கும். தொறக்கல. போட்டும்" என்று சொல்லிக்கொண்டே பயறு உரித்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அதைப் பார்த்து எனக்குத்தான் தாங்கவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று அங்கேயே, அந்தப் பயறு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடித்தால் அடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் அடிக்கவில்லை. உரித்த பயற்றுத் தோட்டைக் கீழே போட்டாள்.

"நெசமா வரச் சொன்னாளா?"

"ஆமா சித்தி."

"எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"பின்னிக் காட்டணும்னாளா?"

"ஆமா."

"காட்டியிருப்பேன்" என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வெளியே மூத்தவனின் பிள்ளை, "ஆச்சி, பசிக்குது" என்று கூப்பிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் அதுவரை பார்க்காத பார்வை அது. அம்மாவிடம் பேசுகிற மாதிரி, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சொல்லாமலே இருந்திருக்கலாம்லாட்டி நீ."